ஈப்புலிக்கு ஈ பிடித்தவன்

நிறுவனத்தின் விளம்பரத் தாளில் கார்மேகத்தின் படம் இருந்தது. முகமூடி, பெரிய கண்ணாடி, முதுகில் பம்பு, கையில் துப்பாக்கி பிடிப்பதுபோல் குழாய். கீழே அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்ததன் சாரம் இது: 'எங்கள் பூச்சி ஒழிப்பு நிபுணர்கள் முறையான பயிற்சி பெற்றவர்கள். ஆறு காலானாலும் எட்டுக் காலானாலும் இரக்கம் அறியாதவர்கள்.'

முறையான பயிற்சி என்பது ஒரு பிற்பகல் ஓடிய வீடியோ. பாதி நேரம் கார்மேகம் தூங்கினான், மீதி நேரம் டிவி தூங்கியது. இரக்கம் பற்றிச் சொல்வதென்றால், அந்தப் படத்துக்கு நிற்பதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் அவன் ஷார்ஜா மீன் மார்க்கெட்டில் ஈ பிடித்துவிட்டு வந்திருந்தான். சட்டைப் பையில் ஒரு சின்ன மருந்து பாட்டில். மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஏழு ஈக்கள், உயிரோடு. உற்றுப் பார்த்தால் படத்தில் பை புடைத்திருப்பது தெரியும். யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

அந்த ஏழும் ஒரு சிலந்திக்கு. வலை கட்டிக் காத்திருக்கும் ரகம் இல்லை. பூனைபோல் பதுங்கிப் பாயும் ரகம். முதுகுளத்தூர்ப் பக்கம் கார்மேகத்தின் ஊரில் அதை ஈப்புலி என்பார்கள். 2006 பிப்ரவரியில் ஒருநாள் ஷார்ஜாவின் ரோலாப் பகுதியில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த பழைய கட்டடத்தின் 304-ஆம் எண் வீட்டில், அவனுடைய மேல்கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் ஏசியின் மரச்சட்டத்தில் அது வந்து நின்றது. நகத்தளவு உடம்பு. முன்பக்கம் கார் ஹெட்லைட் மாதிரி இரண்டு பெரிய கண்கள். கார்மேகம் தலையை இடப்பக்கம் சாய்த்தான். அதுவும் உடம்பைத் திருப்பி அவனைப் பார்த்தது. வலப்பக்கம் சாய்த்தான். மறுபடியும் திருப்பிப் பார்த்தது.

ஷார்ஜாவுக்கு வந்த நான்கு வருடத்தில் அவனை நேருக்கு நேர் பார்த்தவர்கள் குறைவு. வீட்டுக்காரர்கள் பம்பைப் பார்ப்பார்கள். கட்டடத்தின் நாத்தூர், அதாவது காவலாளி, செருப்பைப் பார்ப்பான். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். இது பார்த்த மரியாதைக்குக் கார்மேகம் ஒரு கொசுவை அடித்து நீட்டினான். செத்த கொசுவை அது சீந்தவில்லை. அசைவதைத்தான் தின்னும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. அடுத்த நாள் ஓர் ஈயை உயிரோடு கொண்டுவந்து விட்டான். அது மூன்று அடி பதுங்கி நடந்து, பின்னால் ஒரு நூலை ஒட்டிக்கொண்டு, பாய்ந்தது. கார்மேகம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தலையை மேலே இடித்துக்கொண்டான்.

"லேய், பூச்சியக் கொல்லுத மருந்த ஊரெல்லாம் அடிச்சிட்டு வந்து இங்க எட்டுக்காலிக்குச் சோறு ஊட்டுதியா?" என்றான் ஜான் பீட்டர். குளச்சல்காரன், ஏசி மெக்கானிக், கீழ்க்கட்டில். "மேல உக்காந்து ஒரு வேலையும் செய்யாம எல்லாவனையும் பாத்துட்டே கெடக்கு. எங்க கம்பெனி முதீர் மாதிரியே இருக்குல்ல."

முதீர் என்றால் அரபியில் மேலாளர். பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அந்த அறையில் பூச்சி ஒழிப்பில் தேர்ச்சி பெற்றது அது ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

முதீருக்குத் தீனி கொண்டுவருவது அவ்வளவு எளிதில்லை. ரோலாவில் மற்றவர்களுக்குப் பஸ் எங்கே நிற்கும், எந்த எக்ஸ்சேஞ்சில் ரேட் நல்லது என்றுதான் வழி தெரியும். கார்மேகத்தின் தலைக்குள் வேறொரு வரைபடம் இருந்தது: மருந்து அடித்த தெரு, அடிக்காத தெரு. மருந்து பட்ட ஈயைத் தின்றால் முதீரும் கவிழ்ந்துவிடும். ஆகவே தன் கை பட்ட இடத்தில் மூன்று மாதத்துக்கு அவன் ஈ பிடிப்பதில்லை. சிக்கல் என்னவென்றால், அவன் நல்ல வேலைக்காரன். அவன் அடித்த இடத்தில் ஈ இருக்காது. இருக்காததால் பக்கத்துக் கடைக்காரனும் அதே நிறுவனத்தைக் கூப்பிடுவான். இவன் வேலை சிறக்கச் சிறக்க இவன் வளர்ப்புக்குப் பட்டினி நெருங்கியது. ஏப்ரலில் மீன் மார்க்கெட்டும் கைவிட்டுப் போனது. அங்கேயும் ஒப்பந்தம் ஆகிவிட்டது.

காப்பாற்றியது போட்டிக் கம்பெனி ஒன்று. காய்கறி மார்க்கெட் பின்னால் இருந்த ஹோட்டலுக்கு அவர்கள்தான் மருந்து அடித்தார்கள். மருந்தில் தண்ணீர் அதிகம். ஹோட்டல் வாசலில் ஈக்கள் குடும்பம் குடும்பமாக நலமாக இருந்தன. அந்தப் போட்டிக் கம்பெனிக்காரனைத் தொழில்காரனாகக் கார்மேகம் வெறுத்தான். பாட்டிலோடு போகும் சாயங்காலங்களில் வாழ்த்தினான்.

பிடித்த ஈயை ஃப்ரீஸரில் இரண்டு நிமிடம் வைத்தால் மயங்கும். மயங்கியதை மரச்சட்டத்தில் வைத்தால் மெல்ல உணர்வு வந்து தள்ளாடி நடக்கும். முதீருக்கு அதுவே வசதி. ஒருநாள் அவசர டூட்டிக்குக் கூப்பிட்டார்கள் என்று பாட்டிலை உள்ளே மறந்துவிட்டுப் போனான். அன்று வெள்ளிக்கிழமை. அறையின் நான்காவது ஆளும் — மூன்றாவது ஆள் கத்தாருக்கு, ராஸ் லஃபானுக்கு வேலை மாறிப் போய்க் கட்டில் காலியாகக் கிடந்தது — ரோலாவில் சட்டைக்கடை விற்பனையாளனுமான வந்தவாசி சுரேஷ்குமார் பிரியாணி செய்துகொண்டிருந்தான். திராட்சை தேடினான். கிடைத்தது.

"ஜான் அண்ணா, இந்தத் திராட்சைக்கு ரெக்கை கீது."

பிரியாணி பிழைத்தது. கார்மேகம் சாயங்காலம் வந்தபோது பாட்டில் அவன் தலையணை மேல், செய்தித்தாளில் சுற்றி, பூ வைக்காத குறையாக இருந்தது. உறைந்துபோன அந்த ஈக்களில் ஒன்றை நூலில் கட்டி ஆட்டி முதீரை ஏமாற்றப் பார்த்தான். அது பாய்ந்து பிடித்தது. பிடித்துவிட்டு, நூலைப் பார்த்து, பிறகு கார்மேகத்தைப் பார்த்தது. அதன்பின் அவன் அந்த வேலை செய்யவில்லை.

இது இப்படியிருக்க, அவனுக்கு ஊருக்குப் போகவேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு என்பது பேச்சு. ஆள் பற்றாக்குறை என்று போன வருடம் தள்ளினார்கள். இந்த வருடம் புது விதி: தொடர்ந்து ஆறு மாதம் 'கால்பேக்' இல்லாதவனுக்குத்தான் லீவு. மருந்து அடித்த வீட்டிலிருந்து 'பூச்சி போகவில்லை' என்று திரும்ப ஃபோன் வந்தால் அது கால்பேக். ஒன்று வந்தாலும் கணக்கு முதலிலிருந்து. கார்மேகத்துக்கு ஐந்து மாதம் சுத்தமாகக் கழிந்திருந்தது. ஆகஸ்ட் பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டாயிற்று என்று மனைவி கனகாவுக்குச் சொல்லியும் ஆகிவிட்டது.

"நெசமாத்தானா?" என்றாள் கனகா ஃபோனில். "போன வருசமும் இப்பிடித்தான் சொன்னீக. நான் வெள்ளையடிச்சு வச்சேன். அந்தச் சுவரு இப்ப பழையபடி ஆயிருச்சு."

"இந்தத் தடவ உறுதி."

"அங்கன ஒரு சிலந்திக்குத் தெனமும் ஊட்டுறீகளாமே. ஜான் அண்ணன் சொன்னாரு. எனக்கு ஒரு தடவயாச்சும் ஊட்டியிருப்பீகளா?"

"நீ பாய மாட்டியே" என்றான் கார்மேகம்.

"நேர்ல வாங்க, பாயுறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை முதல் வாரத்தில் முதீர் தீனிக்கு வரவில்லை. இரண்டு நாள் தேடி, டார்ச் அடித்துப் பார்த்தான். ஏசிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே, மூலையில், வெள்ளைப் பட்டுத்துணி போல் ஒரு பை. பைக்குள் முட்டைகள். வாசலில் முதீர்.

"லேய், நம்ம முதீர் பொம்பள!" என்று ஜான் பீட்டர் கட்டிலிலிருந்து இறங்கி வந்து பார்த்தான். "மேனேஜருக்குப் பிரசவ லீவு உண்டு. ஒனக்குத்தான் சாதாரண லீவே கெடையாது."

பையைவிட்டு அது நகராது. கார்மேகம் ஈயைப் பஞ்சுக்குச்சி முனையில் ஒட்டி வாசலுக்கே கொண்டுபோய் நீட்டினான். சில நாள் வாங்கிக்கொண்டது. சில நாள் முன்கால்களைத் தூக்கி விரட்டியது.

அந்த வாரமே லிஃப்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். கட்டடத்தின் நாற்பத்தெட்டு வீடுகளுக்கும் ஜூலை பதினைந்தாம் தேதி கரப்பான் மருந்து அடிக்கப்படும். எல்லாரும் நான்கு மணி நேரம் வெளியே இருக்கவேண்டும். ஒப்பந்தம் எடுத்தது எந்த நிறுவனம் என்று கார்மேகம் படித்துப் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. தாளின் மூலையில் அவன் படமே இருந்தது.

சூப்பர்வைசர் அகமது கபீர் கீழக்கரைக்காரர். எவருக்கும் கெடுதல் நினைக்காதவர். எவருக்காகவும் படிவத்தை மாற்றாதவர். "மூணாம் மாடியும் நாலாம் மாடியும் நீ பண்ணு தம்பி. உன் பில்டிங்தானே, வழி கேக்க வேணாம்" என்றார்.

கார்மேகம் யோசித்தான். முதீரைப் பாட்டிலில் பிடித்து வெளியே கொண்டுபோகலாம். முட்டைப் பையை விட்டு வராது. ஐஸ்க்ரீம் குச்சியால் பையைப் பெயர்க்கலாம்; முயன்றான்; முதீர் குச்சி மேல் ஏறி அவன் விரல்வரை வந்து நின்று பார்த்தது; குச்சியைக் கீழே வைத்துவிட்டான். ஏசியையே சட்டத்தோடு கழற்றலாம். ஜூலை மாதத்தில் ஷார்ஜாவில் ஏசியைக் கழற்றச் சொல்கிறவனை அறையிலிருந்து கழற்றிவிடுவார்கள். சூப்பர்வைசரிடம் கேட்கலாம். என்னவென்று கேட்பது? இரக்கம் அறியாத நிபுணன் ஒருவன், ஒரு சிலந்தி பிள்ளை பெறப்போகிறது என்று எப்படி ஆரம்பிப்பது?

பதினைந்தாம் தேதி 301, 302, 303 முடித்தான். பம்பை இறக்கி, மருந்து மீதியை வாளியில் ஊற்றி மூடிவைத்தான். குழாயைத் திறந்து பம்பைக் கழுவினான். மூன்று முறை கழுவினான். தண்ணீர் நிரப்பினான். 304-க்குள் போய், ஏசி இருந்த மூலையை விட்டுவிட்டு, கதவிடுக்கு, அடுப்படி, குளியலறை, எல்லா இடத்திலும் முறைப்படி தண்ணீர் அடித்தான். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினான். படிவத்தில் கையெழுத்துப் போட்டான். பிறகு பம்பில் மறுபடியும் மருந்தை நிரப்பிக்கொண்டு 305-க்குப் போனான். அங்கேயிருந்து 412 வரை அவன் அடித்தது போன்ற மருந்தை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்ததில்லை. குற்ற உணர்ச்சி இருப்பவன் வேலை சுத்தமாக இருக்கும்.

அதுதான் வினையாகிப்போனது. அந்த மாடியின் மற்ற பதினொரு வீட்டுக் கரப்பான்கள் குழாய் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் கிளம்பி, நச்சில்லாத ஒரே வீட்டைக் கண்டுபிடித்தன. நான்காம் நாள் 304-இல் சர்க்கரை டப்பாவைத் திறக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் சுரேஷ்குமாரின் பல்துலக்கும் பிரஷ் மேல் இரண்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன. மூடிவைத்த மீன்குழம்புச் சட்டியைத் திறந்த ஜான் பீட்டர் அதை அப்படியே மூடி, சட்டியோடு குப்பையில் போட்டான். நல்ல நெத்திலிக் குழம்பு.

"லேய், ஒனக்க கம்பெனிலேர்ந்து இங்க அடிச்சது மருந்தா, பன்னீரா?"

"மூணாம் மாடி வேற ஆளு" என்றான் கார்மேகம், சட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு.

"எவன் அவன்? நாலு மாடிக்கும் அடிச்சானுவ, நமக்கு மட்டும் ஏமாத்திட்டுப் போயிருக்கான். அவன நான் சும்மா விடமாட்டேன். ஒனக்காவச் சொல்லுதேன் மக்கா, இந்த மாதிரி ஆளாலதான் ஒங்க கம்பெனி பேரு கெடுது."

வேண்டாம் என்று கார்மேகம் சொன்னான். எதற்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் அவன் டூட்டிக்குப் போனதும், வாசல் ஸ்டிக்கரில் இருந்த எண்ணுக்கு ஜான் பீட்டர் ஃபோன் போட்டு, தன்னால் முடிந்த ஆங்கிலத்திலும் முடியாத இந்தியிலும் ஏழு நிமிடம் பேசினான். நண்பனுக்காகப் பேசுகிறவனின் வேகம் அதில் இருந்தது.

கால்பேக் வந்தால் சூப்பர்வைசரும், அந்த வீட்டுக்கு மருந்து அடித்தவனும் சேர்ந்து போகவேண்டும் என்பது நிறுவன விதி. சாயங்காலம் ஐந்தரைக்குக் கதவு தட்டப்பட்டது. ஜான் பீட்டர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டே திறந்தான். அகமது கபீர் நின்றார். அவருக்குப் பின்னால் கார்மேகம்.

"நீ என்னத்துக்குல இவருகூட? சாவி இல்லயா?"

"இவர்தான் அடிச்சவர்" என்றார் கபீர், படிவத்தைப் பார்த்து.

ஜான் பீட்டர் மடித்த கையைக் கீழே இறக்கினான். சுரேஷ்குமார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். கட்டடத்து நாத்தூரும் வாசலில் வந்து நின்றுகொண்டான். குடும்பங்கள் இருக்கும் கட்டடத்தில் பேச்சுலர்கள் இருந்த கடைசி இரண்டு வீடுகளில் 304 ஒன்று. கட்டட ஆபீஸ் ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்தது, நாத்தூர் மாதம் ஒருமுறை அதை ஞாபகப்படுத்துவான்: "பேச்சுலர் லோக், ஏக் கம்ப்ளைன்ட் ஆயேகா, கலாஸ்." ஒரே ஒரு புகார், கதை முடிந்தது.

கபீர் அடுப்படி அலமாரியைத் திறந்தார். கரப்பான்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. சுவரில் விரலைத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். இருபது வருடத் தொழில். முகர்ந்தாலே மருந்தின் பெயர் சொல்வார். அங்கே சொல்ல ஒரு பெயரும் இல்லை. அறைக்குள் வந்து டார்ச் அடித்தார். வெளிச்சம் ஏசி மூலைக்குப் போனது. வெள்ளைப் பையின் வாசலில் நின்ற முதீர் முன்கால்களைத் தூக்கி அவரைப் பார்த்தது. அவரும் குனிந்து பார்த்தார்.

"இதுக்கா தம்பி?"

கார்மேகம் தலையை ஆட்டினான்.

"ஏன்டா, அடுப்படியில ஜெல் வச்சிருந்தா போதுமே! ஒவ்வொரு மூலையிலயும் ஒரு பொட்டு. கரப்பான் தின்னுட்டுச் சாவும். உன் மகாராணி அத ஏறெடுத்தும் பாக்காது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

"கேட்டா எதுக்குன்னு சொல்லணுமே பாய்."

"இப்ப மட்டும் சொல்லாமயா இருக்க?"

கபீர் கட்டிலில் உட்கார்ந்து படிவத்தை முழங்காலில் வைத்தார். "காரணம்னு ஒரு இடம் இருக்கு. மருந்து சரியில்லன்னு எழுதுனா கம்பெனி ஒத்துக்காது. டெக்னீஷியன் தப்புன்னு எழுதுனா ஒன் லீவு போச்சு, ஆறு மாசம் மொதல்லேர்ந்து. மூணாவதா ஒண்ணு இருக்கு: 'குடியிருப்பவர் சுத்தமின்மை'. பாதிப் பேரு அதத்தான் டிக் அடிக்கிறான். உனக்குக் கால்பேக் கணக்குல வராது. ஒரு காப்பி பில்டிங் ஆபீசுக்குப் போகும், அவ்வளவுதான்."

நாத்தூருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் காப்பி, ஆபீஸ் என்ற இரண்டு சொல்லுக்கே முகம் மலர்ந்துவிட்டான்.

"அண்ணா, அப்ப நம்ம பொட்டிய எங்க வெக்கறது?" என்றான் சுரேஷ்குமார். "நான் டெய்லி ரெண்டு வாட்டி அடுப்ப தொடைக்கறேன், நான் சுத்தமில்லாதவனா?"

"லேய், அந்த மூணாவதயே டிக் அடிச்சிரு" என்றான் ஜான் பீட்டர். "கனகா வெள்ளையடிச்சிட்டுக் காத்துக் கெடப்பா. எங்களுக்கு ஃபர்வானியாவுல ஒரு கசின் இருக்கான். அது குவைத்துல கெடக்கு, இருந்தாலும் பரவாயில்ல, தெனமும் பஸ்ஸுல வந்துட்டுப் போறோம்."

கார்மேகம் பேனாவை வாங்கினான். கட்டங்கள் எதையும் தொடவில்லை. 'காரணம்' என்ற இடத்தில், பெரிய பெரிய எழுத்தில், தமிழில் எழுதினான்: 'பம்பில் மருந்து ஊற்றவில்லை. தண்ணீர்தான் அடித்தேன். கா. கார்மேகம்.' தமிழில் எழுதக் கூடாது என்று விதி இல்லை. இதுவரை யாரும் காரணம் எழுதியதே இல்லை என்பதால் விதி போட வேண்டி வரவில்லை. கபீர் அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். எழுதும்போது ஒருமுறை சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார்.

அவர் போனதும் கார்மேகம் அடுப்படியில் பதினாறு இடத்தில் ஜெல் வைத்தான். சுரேஷ்குமார் டார்ச் பிடித்தான். "நெத்திலிக்கு நீ என்ன பதில் சொல்லுவ?" என்று ஜான் பீட்டர் கட்டிலிலிருந்து மூன்று தடவை கேட்டான்.

கனகாவிடம் அவன் கம்பெனி மேல் பழி போட்டிருக்கலாம். நடந்ததைச் சொன்னான். ஃபோன் கார்டில் நிமிடம் போய்க்கொண்டிருந்தது.

"எத்தன குஞ்சு வரும்?" என்றாள் கடைசியில்.

"முப்பது இருக்கும்."

"முப்பதுக்குமா ஈ புடிக்கப் போறீக? சரியாப் போச்சு. எனக்கு இன்னொரு தடவ சுண்ணாம்பு வாங்கணும்."

ஜூலை முடிவில் பை கிழிந்து குஞ்சுகள் வெளியே வந்தன. கடுகளவு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு கண்கள். ஒவ்வொன்றும் யாரையாவது பார்த்தது. அவற்றுக்கு ஈ பெரிது. பழத்தில் மொய்க்கும் பொடி ஈ வேண்டும். அதற்கும் மருந்து படாத கடை வேண்டும்.

அந்த வருடம் நிறுவனம் விளம்பரத் தாளை மறுபடி அச்சிட்டது. படத்தை மாற்றவில்லை, வாசகத்தையும் மாற்றவில்லை.

ஆகஸ்ட் பத்தாம் தேதி கார்மேகம் ஊருக்குப் போகவில்லை. டூட்டி முடிந்து ரோலாவில் ஒரு பழக்கடைக்குப் போனான்; அழுகிய வாழைப்பழம் இரண்டு கேட்டு வாங்கினான்; அதில் மொய்த்த பழ ஈக்களைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, முப்பத்தொரு குஞ்சுகளுக்கும் போட்டான்.